ஏழாம் எண் அறை

அக்கம்பக்கத்தில் இனிப்புநீர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
இனிப்புநீருக்கு யாரும் கதை கட்டுவதில்லை.
புதன்கிழமை, பீடோர் கிளினிக்கில்
ஒரு வெள்ளி கட்டி, எண் எடுத்து,
இரத்தம் எடுக்கும் வரிசையைத் தாண்டி
காலிப் பெட்டிகள் அடுக்கிய நடையின் கடைசியில்
ஏழாம் எண் அறை.

அதற்கு முன் மூன்று முறை
நடுச்சாமத்தில் தாப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.
நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள்.
"இருதயம் நன்றாக இருக்கிறது" என்றார் சின்ன டாக்டர்,
பரிசு கொடுப்பதுபோல.
செம்பனைக் குலையோடு லாரியைப் பாதியில் விட்டு வந்தவர்
திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை.
நாத்தனார் மந்திரித்த கயிறு கட்டினாள்.
கயிறும் என்னோடு சேர்ந்து நடுங்கியது.

அறைக்குள் இருந்தவர் நோர் ஹஸ்லினா.
என் மலாய் மீனுக்கு விலை கேட்கும்,
லீவு கேட்கும்,
பள்ளிக்கூடப் பாரத்தில் பெயர் நிரப்பும்.
விடிகாலை நான்கு மணிக்குக் கண் திறந்தால்
நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதை
அந்த மலாயில் எங்கே வைப்பது?
"தாக்கூத்?" என்றார். பயமா.
பயமில்லை.
பயத்துக்குத் துரத்த ஒரு நாயாவது வேண்டும்.
"சரி, தமிழில் சொல்லுங்கள்.
எனக்குப் புரியாவிட்டால் போகிறது,
உங்களுக்குப் புரியட்டும்."

சொன்னேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது,
சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி செத்திருந்தது.
அவர் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்.
ப-ட-ப-ட-ப்-பு.
மூன்றாம் தடவை சரியாக வந்தது.
"சொல்லே துடிக்கிறதே" என்றார்.
பிறந்தது முதல் பேசும் சொல்,
எனக்கு அன்றுதான் கேட்டது.

ஃபேக்டரியில் என் வேலை கையுறை சோதிப்பது.
ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவோம்.
இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்,
வெறுமனே.
ஊசிமுனை ஓட்டை கண்ணுக்குத் தெரியாது;
பாரம் ஏறினால்தான் வியர்க்கும்.
இதை ஏன் அவரிடம் சொன்னேனோ.
அவரும் ஏன் என்று கேட்கவில்லை,
எழுதிக்கொண்டார்.

வீட்டுப்பாடம் உண்டு:
எந்த நாள், எந்த நேரம், பத்துக்கு எத்தனை.
சோதனைத் தாள் நிரப்பிப் பழகிய கை.
திங்கள், குளியலறை, ஆறு.
செவ்வாய், மகள் போனை எடுக்கவில்லை, ஒன்பது.
வியாழன், காரணம் ஒன்றுமில்லை, எட்டு.
காரணம் ஒன்றுமில்லை என்பதன் கீழ்
பென்சிலால் கோடு போட்டு
"அன்று என்ன தேதி?" என்றார்.

எட்டாம் தேதி.
எட்டாம் தேதி லாரிக்குத் தவணை.
அன்று எங்கள் வீட்டில் கதவுகள் பலமாகச் சாத்தும்,
தட்டுகள் தள்ளி வைக்கப்படும்,
நான் சமையல்கட்டில்
ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைக் கழுவுவேன்.
பதினேழு வருடத்து எட்டாம் தேதிகள்.
மூக்கைச் சிந்த அவர் டிஷ்யூ நீட்டினார்.
முரட்டு டிஷ்யூ, அரசாங்கத்து டிஷ்யூ.

மாத்திரையும் உண்டு, இரவில் பாதி.
முதல் மாதம் வெட்கத்தோடு விழுங்கினேன்,
பிறகு தண்ணீரோடு.

போன சனிக்கிழமை பாசார் மாலாமில்
மார்ச்சில் நான் சுருண்டு விழுந்த அதே இடத்தில்,
அப்பம் பாலிக் கடை முன்னால்,
ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அதுதான் பாடம்.
இரண்டாம் நிமிடம் வந்தது.
காது அடைத்தது, விரல்கள் மரத்தன.
ஓடவில்லை.
வா, ஒரு லிட்டர்தானே, ஊற்று என்று நின்றேன்.
கடைக்காரப் பையன் வேர்க்கடலை தூவி
"மடிக்கவா அக்கா?" என்றான்.
பத்துக்கு ஏழு.
பிறகு ஐந்து.
பூஜ்யம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.
அப்பம் கொஞ்சம் கருகியிருந்தது. முழுதும் தின்றேன்.

இன்றைக்கு ஏழாம் அறை வாசலில்
எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சரோஜினி.
கையில் அதே நீல அட்டை.
"இனிப்புநீரா?" என்றேன்.
"இனிப்புநீர்தான்" என்றாள்.
இருவரும் சுவரிலிருந்த டெங்கிப் போஸ்டரை
வெகுநேரம் படித்தோம்.
அந்தக் கொசுவின் காலில் வெள்ளைக் கோடு இருக்குமாம்.
அவள் சிரித்த பிறகுதான்
நானும் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.